நாலரை மணிக்குப் போன மழைச் செய்தி

உங்கள் மாமா ஏன் ஒரு வருஷம் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். டீக்கடையை விட்டு வர முடியவில்லை, வேலை அதிகம் என்று நானும் உங்கள் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொல்லி வந்தோம். அது பொய். நான் அவர் மேல் ஒரு பழியைப் போட்டேன். அதனால்தான் வரவில்லை. அது எப்படி நடந்தது என்று எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

நான் மைக் செட் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். நான்கு ஹாரன், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக். சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களில் ஒரு வருஷம் கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை. சாமான்கள் சாக்குப் போர்த்திக் கிடந்தன. நான் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குப் போனேன். விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்புவேன். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, நடக்கும்போது யாரோ ஊசியால் குத்துவதுபோல் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் உதவி செய்ய வந்த ஒரு அமைப்புக்காரர்கள் எங்கள் ஊருக்கு ரேடியோ அமைத்துத் தருகிறோம் என்றார்கள். காற்றில் விடுகிற ரேடியோ இல்லை. அதற்கு எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு அப்போது லைசென்ஸ் கிடையாது. அதனால் கம்பி ரேடியோ. பஞ்சாயத்து டி.வி. ரூமில் ஒரு கம்ப்யூட்டர். அதிலிருந்து சவுக்குக் கம்பங்களில் ஒயர் இழுத்து, தெருத் தெருவாக ஹாரன். காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் இரண்டரையிலிருந்து ஏழு மணி வரை பாட்டும் தகவலும். கடல் எப்படி இருக்கிறது, ரேஷன் எப்போது போடுகிறார்கள், ஊசி போட நர்ஸ் எந்த நாள் வருகிறார், மழை வருமா, இதெல்லாம்.

ஹாரனைப் பற்றித் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். அதனால் சாவி என் கைக்கு வந்தது. அளத்து வேலை முடிந்து வந்து, ரெண்டு வாய் சாப்பிட்டு, கண் அசந்தால் அசந்தது, இல்லாவிட்டால் இல்லை, ரூமுக்கு ஓடவேண்டும். உப்புக் காற்றுக்கு எதுவும் தாங்காது. பிளக்கெல்லாம் பச்சை பூத்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகை போய்விட்டது என்று உங்கள் அம்மா சொல்வாள்.

கம்ப்யூட்டரில் பாட்டையும் தகவலையும் நேரத்துக்குப் போடுகிற சாஃப்ட்வேரை வைத்துக் கொடுத்தது ஒரு பெண். ஆரோவில்லை ஒட்டிய கிராமத்துப் பெண், அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை ஆனால் மொபெட்டில் வந்துவிடும். முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது ஒரு விஷயம் சொன்னது.

"ண்ணா, இது கடையில வாங்குனது இல்ல. யார் யாரோ எங்கெங்கயோ உக்காந்து எழுதி, எல்லாரும் எடுத்துக்கங்கன்னு விட்டுட்டாங்க. உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு தொறந்து பாக்கலாம். நமக்குப் புடிக்கலன்னா மாத்திக்கலாம்."

"மாத்துனா யாரும் கேக்க மாட்டாங்களா?"

"மாத்துறதுக்குத்தான் குடுத்தே இருக்காங்க."

எனக்கு அது நம்பும்படியாக இல்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் அதன் மூடியைத் திறந்தாலே கேரண்டி கிடையாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். இது என்னடா என்றால், திறந்து பார் என்று கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தத் திரையில் ஓடுகிற எழுத்துகளை, ஒன்றும் புரியாமலே, மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை பிறந்து உப்புக் காலம் ஆரம்பித்தது. அந்த வருஷம் பதினோரு பெண்கள் சேர்ந்து கொஞ்சம் பாத்திகளைத் தங்கள் பேரிலேயே குத்தகைக்கு எடுத்தார்கள். அதுவரை கூலிக்கு உப்பு வாரியவர்கள். உங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி. அவர்களுக்குத் தலைவி ஒரு அக்கா. ஆள் குள்ளம், குரல் பெரிது. மைக்கே தேவைப்படாது. முதல் வாரலுக்கு எல்லோரும் வாங்க என்று அவர்கள் சொன்ன தகவலை நான் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓடும்படி முந்தின நாளே வைத்துவிட்டேன். அன்று வாரப் போன இடத்தில் ஒரு பெண்ணின் காலில் வாருபலகை விழுந்து நகம் பெயர்ந்தது.

தலைவி நேராக ரூமுக்கு வந்துவிட்டார்.

"ஏம்பா மைக்செட்டு, எத்தினி கல்யாணத்துக்குச் செட்டு போட்டுருக்கிற. திங்கக்கெழம எட்டு மணிக்கு ராகு காலம்னு தெரியாது?"

"மிஷின் போட்டுச்சுக்கா."

"மிஷினுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஒனக்குத் தெரியாதா? மொத வாரலுப்பா. யாராவது ராகு காலத்துல வாய தொறப்பாங்களா?"

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருபது வருஷம் மைக் செட் தொழிலில் ராகு காலத்தில் நான் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போட்டதில்லை. சனிக்கிழமை அந்தப் பெண் வந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, மாத்திக்கலாம்னு சொன்னியே. ராகு காலத்துல தகவல் எதுவும் போவாம பாட்டு மட்டும் ஓடுற மாதிரி மாத்த முடியுமா?"

அது சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, "காலண்டர் குடுங்க" என்றது. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தேன். ஏழு நாளுக்கும் ராகு காலத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"அந்த நேரத்துல எந்தத் தகவல் வச்சாலும் அது நிக்கும். ராகு காலம் முடிஞ்சதும் தானா போவும். அவசரம்னா இன்னா பண்ணுவீங்க?"

"அவசரம்னா நான் மைக்க எடுத்துப் பேசிடுவேன்மா."

"அப்போ சரிண்ணா."

ஊரெல்லாம் எனக்கு நல்ல பேர். எங்கேயோ வெளிநாட்டில் எழுதின சாஃப்ட்வேர் மரக்காணத்துக்கு வந்து ராகு காலம் பார்க்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எமகண்டத்தையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் வந்து நின்றார். அதைச் சேர்த்தால் தகவல் சொல்ல நேரமே இருக்காது என்று அனுப்பி வைத்தேன்.

உங்கள் மாமாவுக்கு வருகிறேன். அவர் கடை பெருமுக்கல்லில், ரோட்டோரம். கோடையில் நமக்கு மழை மேற்கிலிருந்து வரும். திண்டிவனத்தில் பிடித்து, பெருமுக்கல்லைத் தாண்டி, ஒரு மணி நேரத்தில் நம் அளத்துக்கு வந்துவிடும். மாமா கடையிலிருந்து பார்த்தால் மேற்கே கருப்பது தெரியும். கடையில் காயின் போன் இருந்தது. மழை பிடித்தால் ரூமுக்குப் போன் செய்வது என்று பேச்சு. அதற்கு அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. தங்கச்சி உப்புக் கரையக் கூடாது என்பதுதான்.

அந்தக் கோடையில் இரண்டு தடவை அப்படிப் போன் வந்தது. இரண்டு தடவையும் தகவல் போட்டேன். பெண்கள் வீட்டிலிருந்து ஓடி, வரப்பில் குவித்திருந்த உப்பைத் தார்ப்பாயும் கீற்றும் போட்டு மூடிவிட்டார்கள். பக்கத்து அளத்துக்காரர்கள் மழை தலையில் விழுந்த பிறகு ஓடி வந்தார்கள். அப்போதிருந்து பெண்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ரேடியோ சொல்லும் என்று மத்தியானத்தில் நிம்மதியாகப் படுத்தார்கள்.

மூன்றாவது போன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

மூன்று வாரத்து உப்பு வரப்பில் கிடந்தது. மறுநாள் மேட்டுக்குச் சுமந்து அம்பாரம் போடுவதாக இருந்தார்கள். பெண்கள் காலை வேலை முடித்துப் படுத்திருந்தார்கள். நான் ரூமில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஐந்து நிமிஷம்.

"மாப்ள, திண்டிவனத்துல பேயுது. இங்க காத்து மாறிடுச்சு. கல்லாவுல இருந்த நோட்டெல்லாம் பறக்குது. சீக்கிரம் சொல்லிடு."

"சரி மச்சான்."

மைக் ஒயரின் பிளக் துருப்பிடித்து உடைந்து, புதுச்சேரியில் ரிப்பேருக்குக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாங்கி வரப் போக உடம்பு வரவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். இன்னொரு மைக்கும் எப்போதோ போய்விட்டது. கம்ப்யூட்டரில் தலையில் மாட்டிப் பதிவு செய்கிற சின்ன மைக் இருந்தது. அதில் பேசிப் பதிவு செய்தேன். "மேற்கே மழை பிடித்துவிட்டது. அளத்துக்காரர்கள் உடனே வந்து உப்பை மூடவும்." மூன்று தடவை சொன்னேன். எப்போதும்போல வரிசையில் முதலாவதாக வைத்தேன். திரையில் பச்சையாக வந்தது. அவ்வளவுதான் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய்விட்டேன். மோட்டாரைச் சாக்குப் போட்டு மூட வேண்டும், மடையை அடைக்க வேண்டும்.

வழியெல்லாம் ஹாரனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தகவல் முடிந்து பாட்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் என்பது என் தலையில் இல்லவே இல்லை. எழுதி வைத்த மிஷினின் தலையில் இருந்தது.

மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தேன். அளத்தில் ஆளே இல்லை. இந்நேரம் வந்திருக்க வேண்டுமே என்று வரப்பில் நின்று பார்த்தேன். ஒரு தார்ப்பாயை நானே இழுத்துப் பார்த்தேன். ஒருவன் பிடித்தால் அது காற்றில் படகுப் பாய் மாதிரி உப்பிக்கொண்டு போகிறது. நாலு மணிக்கு முதல் துளி விழுந்தது. விழுந்தது என்றால், கல்லெடுத்து எறிந்த மாதிரி. அப்புறம்தான் பெண்கள் ஓடி வந்தார்கள், தூக்கக் கண்ணோடு, தலைமுடி அவிழ்ந்து. உங்கள் அம்மாவும் வந்தாள்.

உப்புக் கரைவதை நீங்கள் பார்த்ததில்லை. சத்தம் எதுவும் இருக்காது. குவியல் அப்படியே உட்காரும். பெண்கள் கையால் அள்ளிக் கூடையில் போட்டார்கள். கூடையிலும் கரைந்தது. அரைமணி நேரம் அள்ளினார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

அப்போதுதான் ரோட்டோரக் கம்பத்திலிருந்து என் குரல் வந்தது. மழைச் சத்தத்துக்கு மேல், கணீரென்று. "மேற்கே மழை பிடித்துவிட்டது. அளத்துக்காரர்கள் உடனே வந்து உப்பை மூடவும்." மூன்று தடவை.

ஒருத்தி சிரித்தாள். அழுகிற மாதிரியான சிரிப்பு. "வந்துட்டாருப்பா தகவல் சொல்ல. மூடுங்கடி, எல்லாரும் மூடுங்க."

தலைவி என்னிடம் வந்தார். "இன்னாப்பா இது? ஒன்னை நம்பித்தானே படுத்துக் கெடந்தோம்."

எனக்கு அந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று சத்தியமாகத் தெரியாது. எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன். பதினோரு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய் தானாகச் சொன்னது.

"மச்சான் போன் லேட்டாத்தான் வந்துச்சுக்கா. வந்தவொடனே போட்டுட்டு ஓடியாந்தேன்."

உங்கள் அம்மா கூடையைக் கீழே வைத்தாள். "எங்கண்ணனா லேட்டு?"

"ஆமா."

அவள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெருமுக்கல்லுக்குப் போனாள். கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனைக் கேட்டிருக்கிறாள். மூன்று அடித்ததுமே போன் செய்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. என் வீட்டுக்காரரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு என்று கேட்டிருக்கிறாள். அவர் திரும்பி டீ ஆற்றப் போய்விட்டாராம்.

அதே காலையில், மழையால் மோட்டாருக்கு வேலை இல்லாமல், நான் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சரியாக வேலை செய்தது. அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய், மூன்று முதல் நாலரை. உங்கள் அம்மா பஸ் ஏறியிருப்பாள். ஓடிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். நான் போகவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அளத்துக்குப் போனேன், வந்தேன், பாட்டுப் போட்டேன்.

சனிக்கிழமை அந்தப் பெண் வந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே, மழை விஷயத்தை ஊருக்குள் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தது. கம்ப்யூட்டரில் எதையோ திறந்து, விரலை வைத்துக் காட்டியது. எந்த நேரம் எது வந்தது, எது போனது என்று மிஷின் ஒவ்வொரு வரியாக எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

"மூணு பத்துக்கு நீங்க வச்சிருக்கீங்க. நாலரைக்குப் போயிருக்குது. நடுவுல நாம போட்ட ரூலு நிறுத்தி வச்சிருக்குது."

"தெரியும்மா."

"தெரியுமா? அப்போ பெருமுக்கல்காரருதான் லேட்டுன்னு பேசிக்கறாங்களே?"

நான் கீழே பார்த்தேன். அப்படியே கேட்டேன். "அந்த வரிய அழிக்க முடியுமாம்மா?"

அது என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "முடியும்ணா. நீங்களே அழிக்கலாம். எல்லாம் தொறந்துதான் கெடக்குது. அந்த வரிமேல வச்சு இத அழுத்துனா போயிடும்" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டது.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் வேலை. அழிக்கவில்லை. நான் நல்லவன் என்பதற்காக அழிக்காமல் விட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். எனக்கு ஆயாசமாக இருந்தது. விடியற்காலை மோட்டார், மத்தியானம் ரேடியோ, அதற்கு மேல் இந்தப் பொய்யையும் தினம் தினம் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மா முகத்தில் முழிக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்தப் பெண் திரும்பி வந்து திரையைப் பார்த்தது. வரி இருந்தது. "நாளைக்குக் கூட்டம் இருக்குதாம்ல" என்று மட்டும் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ரேடியோவை வைப்பதா எடுப்பதா என்று. பதினோரு பெண்களும் ரூமில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். போன் மூன்று மணிக்கே வந்தது, மைக் ரிப்பேரில் கிடந்தது, ராகு காலத்தில் தகவல் நின்றுவிட்டது, மச்சான் மேல் தப்பில்லை, நான் பொய் சொன்னேன். திரையில் இருந்த வரியையும் காட்டினேன். படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி சத்தமாகப் படித்தாள்.

பிறகு வயதான ஒருத்தி, "ராகு காலம் பாக்கச் சொன்னது நாமதானடி" என்றாள்.

"மொத வாரலுக்குப் பாக்கச் சொன்னோம். மழைக்கு யாரு பாக்கச் சொன்னா? மழ பஞ்சாங்கம் பாத்தா வருது?" என்றார் தலைவி. பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஷின் தப்பு பண்ணலாம். துரு புடிக்கலாம். நீ அந்த ஆளு மேல போட்டியே, அதத்தான் என்னால தாங்க முடியல. போன் காச அவருதானப்பா போட்டாரு."

உங்கள் அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டாள்.

ரேடியோ இருக்கட்டும் என்றுதான் முடிவானது. மழைத் தகவலுக்கு மட்டும் ராகு காலம் கிடையாது என்று அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து மாற்றியது. தலைவியும் இன்னும் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வது, சாவி தலைவியிடம் இருப்பது, நான் ஹாரனையும் ஒயரையும் பார்த்துக்கொள்வது. சாவியைக் கொடுக்கும்போது எனக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் பல மாசத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கினேன்.

பாத்தியில் மழைத் தண்ணீரை வடித்து, திரும்ப உப்புத் தண்ணீர் கட்டி, திரும்ப உப்புப் பூக்க இருபது நாள் ஆனது. நான் என் மோட்டார் வேலை முடிந்ததும் அவர்கள் பாத்தியில் போய் நின்றேன். ஒருவரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை மட்டும் கொடுத்தார்கள்.

அதற்கு நடுவில் ஒரு நாள் பெருமுக்கல்லுக்குப் போனேன். மாமா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் போகிற வரைக்கும் காத்திருந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கிளாஸ் கழுவினார்.

"நீ சொன்னது பரவால்ல மாப்ள. பயத்துல சொல்லிட்ட. கூடப் பொறந்தவ நாலு பேரு முன்னால நம்பலியே."

"அவ மேல தப்பில்ல மச்சான். நான் சொன்னத நம்புனா."

"அதான். ஒன்ன நம்புனா."

எனக்கு ஒரு டீ கொடுத்தார். குடித்தேன். "மழைக்குப் போன் பண்ணுவீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"மழைக்குப் பண்ணுவேன்."

வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அடுத்த மாசம் ஒரு மத்தியானம் ரூமில் ஹாரன் ஒயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். தலைவி தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன்.

"நான்தான் மச்சான்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டீக்கடைச் சத்தம் மட்டும் கேட்டது. கிளாஸ் வைக்கிற சத்தம், யாரோ பேசுகிற சத்தம். பிறகு அவர் சொன்னார். "மழ கட்டுது. அந்த அம்மாகிட்ட குடு."

நான் வெளியே போய்த் தலைவியைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே, ரிப்பேரிலிருந்து வந்திருந்த மைக்கை இழுத்து, போனை வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.